வயல் விழாவுக்கு வளர்த்த புல்

பங்குனி பாதி தாண்டிவிட்டால் ஆரல்வாய்மொழிக்குக் கிழக்கே மண்ணில் ஈரத்தைத் தேடினாலும் கிடைக்காது. அன்று காலை ஏழரை மணிக்கு முள்வேலிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்த சத்தியபாயின் செருப்பில் சேறு ஒட்டியது.

நின்று பார்த்தாள். வேலியை ஒட்டி லாரி டயர் ஆழமாகப் பதிந்திருந்தது. அந்த இரண்டு ஏக்கரில் நான்கு வகைப் புல்லைப் பாத்தி பாத்தியாக நட்டிருந்தார்கள். மூன்று வகை எப்போதும்போல வெளிறிப்போய் மலைக்காற்றில் சரசரத்துக்கொண்டிருந்தது. நான்காவது வகை நின்ற பாத்திகளில் மட்டும் தண்ணீர் தேங்கி, வெயில் பட்டு மினுங்கியது.

மூன்று வருஷமாக அங்கே நடந்த ஆராய்ச்சிக்கு ஒரே ஒரு கேள்விதான். மழை குறைந்த மண்ணில் ஒருமுறை நட்டால் பல வருஷம் தானாகத் தழைத்து ஆடுமாடுகளுக்குத் தீவனமாகும் புல் எது? அதனால் நட்ட மாதம் விட்ட தண்ணீரோடு சரி. அதற்குப் பிறகு வானம் தருவதைத் தவிர ஒரு சொட்டு விடக்கூடாது, ஒரு பிடி உரம் போடக்கூடாது. இதைப் பலகையில் எழுதி வேலியிலேயே மாட்டியிருந்தார்கள்.

சத்தியபாய் அந்தத் திட்டத்தில் கள உதவியாளர். ஐம்பத்தொரு வயது. இராஜாக்கமங்கலத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். பதினேழு வருஷமாக ஒப்பந்த வேலை. மாதம் ஒருமுறை ஒரு மீட்டர் மரச்சட்டத்தைப் பாத்தியில் வைத்து, அதற்குள் வரும் புல்லை அறுத்து எடைபோடுவாள். பிறகு ஆபீஸ் உலர்அடுப்பில் காயவைத்து மறுபடி எடைபோட்டு நோட்டில் எழுதுவாள். கோடை முடிவில் எத்தனை தூர் உயிரோடிருக்கிறது என்று குத்தவைத்து எண்ணுவாள். காய்ந்த புல் செத்துவிட்டதா, உறங்குகிறதா என்பது பார்வைக்குத் தெரியாது. தூரின் அடியை நகத்தால் கீறவேண்டும். உள்ளே துளி பச்சை இருந்தால் அது உறக்கம். எத்தனை ஆயிரம் தூரைக் கீறியிருப்பாள் என்று அவளுக்கே கணக்கில்லை. வலதுகைக் கட்டைவிரல் நகம் அதனாலேயே ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தது.

திட்டத்தின் தலைவர் டாக்டர் ஆனந்தகிருஷ்ணன். நான்காவது புல் அவர் தேர்ந்தெடுத்துப் பெருக்கியது. தன் பெயரின் எழுத்துகளையே வைத்து அதற்கு ஏ.கே.7 என்று பெயரிட்டிருந்தார். முதல் வருஷம் அது இடுப்பளவு வளர்ந்தது. இரண்டாவது கோடையில் நூறு தூருக்கு அறுபத்தொன்பது செத்தது. சத்தியபாய் எண்ணி, நம்பாமல் மறுநாளும் எண்ணி, நோட்டில் எழுதினாள். மலையடிவாரத்திலிருந்து பிடுங்கி வந்து சும்மா ஒப்பிட்டுப் பார்க்க நட்ட கொழுக்கட்டைப்புல்லில் நூற்றுக்குப் பன்னிரண்டுதான் செத்திருந்தது. அதையும் எழுதினாள்.

அந்த ஐப்பசி மழையில் ஆனந்தகிருஷ்ணன் புது வேர்க்கரணைகள் கொண்டுவந்து செத்த இடங்களில் நடச் சொன்னார். எந்த ஆராய்ச்சியிலும் செய்வதுதான், புதிதாக நட்டது என்று குறித்துக்கொண்டால் போதும் என்று நினைத்து அவளும் நட்டாள், குறித்தும் வைத்தாள்.

இப்போது தண்ணீர்.

அவள் போன் செய்தபோது அவர் சிரித்தார். "நான்தான் டேங்கர் அனுப்பச் சொன்னேன், சத்தியபாய். இன்னும் ரெண்டு வாரத்துல வயல் விழா. கலெக்டர் ஆபீஸ்ல இருந்து வாறாங்க, சென்னையில இருந்து ஆளு வாறாங்க. விருந்தாளி வாற வீட்டுக்கு வெள்ளை அடிக்கமாட்டோமா? அது மாதிரிதான்."

"ஸார், அது பொறவு ஆராய்ச்சியாகாதுல்லா?"

"ஆராய்ச்சி முடிஞ்சாச்சு. இனி காட்டுகதுதான் பாக்கி. ஆபீஸ்ல யூரியா மூட்டை இருக்கு, பிரைட்டன் ஜீப்புல கொண்டுவருவான். ஏ.கே.7 பாத்திகளுக்கு மட்டும் தூவிடுங்க. அடுத்த வாரம் இன்னொரு தடவை. உங்க நிரந்தர வேலை ஃபைலு விஷயமாத்தான் நேத்து பேசிட்டிருந்தேன். இந்த விழா நல்லா நடக்கட்டும்."

பிரைட்டன் ஆபீஸ் ஜீப் டிரைவர். மூட்டையை இறக்கிவைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் வண்டியில் ஏறிக்கொண்டான். சத்தியபாய் முறத்தில் அள்ளி அள்ளித் தூவினாள். வெள்ளைக் குருணை வியர்வையில் கரைந்து விரலிடுக்கில் பிசுபிசுத்தது. கையைக் கழுவி, மறுபடி கழுவி, மோந்து பார்த்தாள். மத்தியானச் சோற்றை ஸ்பூனால் தின்றாள். அடுத்த வாரமும் அதே முறம், அதே கை.

புல் கிளம்பியது. சாதாரணப் பச்சை இல்லை, கறுத்த பச்சை. மூன்று பக்கமும் சருகு நிறத்தில் கிடக்க, நடுவில் அது மட்டும் எண்ணெய் தடவின மாதிரி நின்றது. மலையேறிப் போகிறவர்கள்கூட நின்று பார்த்தார்கள். சத்தியபாய்க்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. சீழ் பிடித்த இடம் வீங்கி மினுங்குவது மாதிரி இருந்தது அவளுக்கு.

விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது அச்சடித்த கையேடு வந்தது. வழுவழுத் தாள், அட்டையில் புல்லோடு ஆனந்தகிருஷ்ணன். நான்காம் பக்கத்தில், 'தண்ணீரோ உரமோ இன்றி மூன்று ஆண்டுகள் கழித்தும் 92 சதவீதத் தூர்கள் உயிருடன்' என்று போட்டிருந்தது. கொழுக்கட்டைப்புல்லுக்கு 41 என்று இருந்தது. அது அவள் எந்தக் காலத்திலும் எண்ணாத எண். கடைசிப் பக்கத்தில், 'களத் தரவுகள்: திருமதி சத்தியபாய்.'

பதினேழு வருஷத்தில் அவள் பெயர் அச்சில் வந்தது அதுதான் முதல்முறை. அவள் அந்தப் பக்கத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். கழிப்பறைச் சுவரில் தன் பெயரைப் பார்த்த மாதிரி இருந்தது. ஆனாலும் அவள் கையேட்டைக் கிழிக்கவில்லை, சண்டைக்குப் போகவில்லை. பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

விழாவுக்கு முந்தின நாள் கிருஷ்ணமணி வந்தான்.

கிருஷ்ணமணிக்கு அந்தப் பக்கத்தில் அறுபதுக்கு மேல் செம்மறி. காற்றாடிக் கம்பங்களுக்கு அடியிலும் குளத்துக் கரையிலுமாக மேய்ப்பான். சொந்தமாக ஒன்றரை ஏக்கர் தரிசு உண்டு. ஆனந்தகிருஷ்ணன் அவனை முன்னோடி விவசாயி என்று எழுதிக்கொண்டு, அந்தத் தரிசு முழுக்க ஏ.கே.7 நடத் தருவதாகச் சொல்லியிருந்தார். விழாவில் அவன் ஆடுகள் இந்தப் புல்லை மேயவேண்டும். அழைப்பிதழிலேயே அது ஒரு நிகழ்ச்சி.

வேலிக்கு வெளியே நின்று பாத்தியைப் பார்த்தபடி அவன் கேட்டான். "யக்கா, போன கோடையில இது கருகிக் கெடந்தத நான் பாத்தேன். இப்பம் இந்தப் போடு போடுது. எப்படி?"

சத்தியபாய் தராசின் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நம்பி நடலாமாக்கா? இருக்கது ஒன்றரை ஏக்கரு. அதுல மொளைச்சுக் கெடக்க கோரைப்புல்லையும் உழுதுட்டேன்னா வைகாசியில ஆட்டுக்கு ஒண்ணுமில்ல. ஒங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க."

"ஸார் படிச்சவரு மணி," என்றாள். "அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவன் தலையாட்டினான். போகத் திரும்பியவன் நின்று, "ஆட்டை ரெண்டு நாளைக்கு மேய விடாண்டாம், பட்டியிலயே அடைச்சு வைன்னு சொல்லியிருக்காரு. தண்ணி மட்டும் காட்டணுமாம். வயிறு ஒட்டுனாத்தான் ஆளுங்க முன்னால பாய்ஞ்சு மேயுமாம். அது கத்துக கத்தலு கேக்க சகிக்கமாட்டேங்குக்கா," என்றான்.

சத்தியபாய் தட்டைத் தராசில் மாட்டினாள். நாக்கில் ஒரு புளிப்பு ஏறி நின்றது. அவன் போன பிறகு வேலியோரம் போய்த் துப்பினாள். இன்னும் இருந்தது.

விழாவன்று பந்தல் போட்டு, சிவப்பு நாற்காலிகள் போட்டு, குத்துவிளக்கு வைத்தார்கள். சத்தியபாய் எப்போதும்போலச் சீக்கிரம் வந்து, பழக்கத்தில் மரச்சட்டத்தை வைத்து ஒரு பாத்தியை அறுத்து, எடைபோட்டு, பையில் கட்டி அடையாளச் சீட்டு எழுதினாள். மாதாந்திர நாள் அதுவாக இருந்தது, அவ்வளவுதான். ஒரு பை முடிவதற்குள் பிரைட்டன் வந்து நாற்காலி துடைக்கக் கூப்பிட்டான்.

பதினொரு மணிக்குப் பொன்னாடைகள் முடிந்தன. ஆனந்தகிருஷ்ணன் மைக்கைப் பிடித்து, "இந்த மண் மூணு வருஷமா ஒரு சொட்டு செயற்கைத் தண்ணி கண்டதில்ல," என்றார். கைதட்டினார்கள். தண்ணீர் தேங்கின இடங்களில் அவரே மணல் கொட்டி மூடச் செய்திருந்தார். வெள்ளைச் சட்டையும் சந்தனக் கீற்றுமாக அவர் அந்த மணலின் மேல் நின்றுதான் பேசினார்.

பிறகு ஆடுகள். கிருஷ்ணமணி இருபத்துநாலு உருப்படியைக் கொண்டுவந்திருந்தான். விலாவெலும்பு தெரிந்தது. முள்வேலிக் கதவைத் திறந்ததும் அவை ஓடின. ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, முட்டி, பாத்திக்குள் தலையைப் புதைத்துக்கொண்டன. கடித்து இழுக்கும் சத்தம் பந்தல்வரை கேட்டது. எல்லோரும் செல்போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். "பாத்தீங்களா, என்ன ருசி! ஆடு பொய் சொல்லாது," என்றார் ஆனந்தகிருஷ்ணன். சென்னையிலிருந்து வந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

சத்தியபாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு நாள் பட்டினி கிடந்தால் இந்த நாற்காலியையும் தின்னும் அது. அது தெரிந்த ஆட்கள் பாதிப்பேர் அந்தப் பந்தலிலேயே இருந்தார்கள். எல்லோரும் தட்டினார்கள். அவளும் இரண்டு தட்டு தட்டினாள்.

பன்னிரண்டரைக்கு ஆட்டுக்கறிப் பிரியாணி. பெரியவர்களுக்கு மேஜையில் இலை, மற்றவர்களுக்குப் பொட்டலம். சத்தியபாய் பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்திருந்தாள். அப்போதுதான் கிருஷ்ணமணியின் சத்தம் கேட்டது.

"யக்கா! இங்கன வாங்க, இதுக்கு என்னமோ பண்ணுது!"

ஒரு பெட்டை ஆடு பாத்தியோரத்தில் கால்களை அகட்டி நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நாலெட்டு வைத்தது, குடித்தவன் மாதிரி சரிந்தது. அதற்கு அப்பால் இன்னொன்று ஏற்கனவே படுத்துக் கால்களை உதைத்துக்கொண்டிருந்தது. வாயிலிருந்து பச்சை நுரை. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது ஒன்று முன்னங்கால் மடிந்து விழுந்தது.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த கால்நடை மருந்தகத்து டாக்டர் அபிதா சாப்பாட்டுக் கையோடு ஓடிவந்தாள். வேலைக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது, சின்ன வயது. ஆட்டின் உதட்டைப் புரட்டிப் பார்த்தாள். சிவப்பாக இருக்கவேண்டிய ஈறு மண்ணும் சாம்பலும் கலந்த நிறத்தில் இருந்தது. கையைப் புடவையிலேயே துடைத்துவிட்டு, ஊசியால் ஆட்டின் காதில் குத்தி, வந்த ரத்தத்தை வெள்ளைத் துணியில் தொட்டாள். ரத்தம் காப்பிக் கசடு மாதிரி இருந்தது. துணியை வெயிலிலும் காற்றிலும் ஆட்டிப் பார்த்தாள். சிவக்கவேயில்லை.

அபிதா பந்தலைப் பார்த்துக் கத்தினாள். "ஸார்! இந்தப் புல்லுக்கு யூரியா போட்டிருக்கா?"

ஆனந்தகிருஷ்ணன் இலையிலிருந்து எழுந்திருக்கவில்லை. கையில் எலும்பு இருந்தது. அதை உறிஞ்சி இலையோரம் வைத்துவிட்டு, "என்ன கேள்விம்மா இது? உரமே இல்லாமத்தான் வளர்ந்திருக்கு, புத்தகத்துல போட்டிருக்கே. அவனுக்க ஆட்டுல ஏதோ நோய் இருந்திருக்கும். ஒதுக்குப்புறமா இழுத்துட்டுப் போகச் சொல்லு, எல்லாரும் சாப்பிடுகாங்க," என்றார்.

"ஸார், எனக்கு சரியாத் தெரியணும். சயனைடுன்னா ஒரு மருந்து, நைட்ரேட்டுன்னா வேற மருந்து. மாத்திக் குத்தினா இருக்கதும் செத்துரும்."

"போடல்லம்மா. எத்தன தடவ சொல்லுகது?"

அவருடைய விரல்களில் மஞ்சள் நெய் வழிந்துகொண்டிருந்தது. அவர் அதை நக்கினார். சத்தியபாய் அதைப் பார்த்தாள். பதினேழு வருஷமாக அவளுக்குள் மேலே வராமல் அடங்கிக் கிடந்தது என்னவோ, அது தொண்டைக்கு வந்தது. வாந்தி எடுக்கப்போகிறோம் என்றுதான் நினைத்தாள். வாயைத் திறந்தபோது வந்தது பேச்சு.

"போட்டிருக்கு," என்றாள். "ரெண்டு தடவ போட்டிருக்கு. இண்ணைக்குப் பதிமூணு நாளாச்சு, பொறவு ஆறு நாளாச்சு. மூணு தடவ டேங்கர் தண்ணி விட்டிருக்கு. நான்தான் தூவினேன், எனக்க இந்தக் கையாலதான்."

 கிருஷ்ணமணி அவளைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு அவள் முகத்தைத் திருப்பவில்லை.

அபிதா ஒரு நொடிகூட வீணாக்கவில்லை. "நைட்ரேட்தான். உரம் புல்லுல ஏறி ரத்தத்தைக் கெடுத்திருக்கு. புல்லை விட்டு ஆட்டை வெளிய தள்ளுங்க முதல்ல. மெத்திலீன் நீலம் வேணும். எங்கிட்ட பையில ரெண்டு ஆட்டுக்குத்தான் வரும்."

"எங்க லேப்ல பொடி ஒரு குப்பி உண்டு. மூணாவது அலமாரி, சாயம் வைக்கத் தட்டுல," என்றாள் சத்தியபாய்.

"சாயத்துக்கு உள்ளதுதான். பரவாயில்ல, உப்புத்தண்ணியில கரைச்சுப் போட்டுப் பாப்போம். வேற வழியில்ல."

பிரைட்டன் ஜீப்பின் அருகே நின்றிருந்தான். "டேய், வண்டிய எடுக்காத. சென்னை ஸாரை விடணும்," என்று ஆனந்தகிருஷ்ணன் எழுந்து வந்தார். பிரைட்டன் அவரையும் சாவியையும் பார்த்தான். பிறகு, "அவருக்கு ஆட்டோ பிடிச்சுக் குடுங்க ஸார்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனான்.

அவன் போய்வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் ஒன்பது ஆடு போய்விட்டது. இருந்த இரண்டு ஊசியை அபிதா இரண்டு சினை ஆட்டுக்குப் போட்டாள். கிருஷ்ணமணி ஒன்றின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றுக்கும் அவன் பேர் வைத்திருந்தான் என்பது சத்தியபாய்க்கு அன்றுதான் தெரியும். பந்தலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து கைகழுவிவிட்டுக் காரில் ஏறினார்கள். ஒருத்தர் போகிறபோக்கில் மிச்சப் பிரியாணியைப் பொட்டலம் கட்டித் தரச் சொன்னார். அவரும் ஒரு கால்நடை அதிகாரிதான்.

மருந்து வந்ததும் சத்தியபாய் ஆடுகளைப் பிடித்துக் கழுத்தை நீட்டிக் கொடுத்தாள், அபிதா நரம்பில் குத்தினாள். கையெல்லாம் நீலம், புடவையெல்லாம் நீலம். ஒரு ஆடு சத்தியபாயின் காலிலேயே கழிந்தது. அவளுக்கு அது அசிங்கமாகவே தெரியவில்லை. இன்னும் இரண்டு செத்தது. மிச்சம் பதிமூன்றும் ஒவ்வொன்றாகத் தலையைத் தூக்கின. சாயங்காலம் நாலு மணிவாக்கில் ஒரு கிடா எழுந்து நின்று நீலமாக மூத்திரம் பெய்தது. அதைப் பார்த்து அபிதா தரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

ஆனந்தகிருஷ்ணன் அப்போது சத்தியபாயைத் தனியாகக் கூப்பிட்டார். கையில் சானிடைசர் குப்பி. தேய்த்துக்கொண்டே பேசினார். குரலில் கோபமே இல்லை.

"நடந்தது நடந்துபோச்சு, சத்தியபாய். நீங்க பதட்டத்துல என்னமோ சொல்லிட்டீங்க, நான் மனசுல வைக்கல. நாளைக்கு ஆபீஸுக்கு வரும்போ நோட்டைக் கொண்டுவாங்க. போன ஐப்பசியில நட்டது, யூரியா, அந்தப் பக்கம் ரெண்டையும் புதுசா எழுதிரலாம். யூரியா நீங்க தெரியாம மாத்தி எடுத்துட்டதா ஒரு வரி. கோடு போடுக சுண்ணாம்புன்னு நெனச்சு. மனுஷருக்குத் தப்பு வாறதுதானே? உங்களுக்கு ஒண்ணும் ஆகாம நான் பாத்துக்கிடுகேன்."

அவருக்குப் பின்னால் இரண்டு ஆட்கள் இயந்திரம் வைத்து ஏ.கே.7 பாத்திகளை மழுங்க வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெட்டின புல்லைச் சாக்கில் அடைத்து லாரியில் ஏற்றினார்கள். பரிசோதனைக்கு ஒரு புல்கூட மிஞ்சக்கூடாது.

வெட்டின புல்லின் வாசம் இனிப்பாக மூக்கில் ஏறியது. அதோடு சானிடைசர் வாசம். சத்தியபாய் கருவிக் கொட்டகைக்குப் போனாள். காலையில் அறுத்துக் கட்டின பை தராசுக்கு அடியில் இருந்தது. தேதியும் பாத்தி எண்ணும் அவள் கையெழுத்தில் இருந்தது. அதையும் மூன்று வருஷ நோட்டுகளையும் எடுத்து வெளியே வந்து, செத்த ஆடுகளை அறுத்துப் பரிசோதித்துக்கொண்டிருந்த அபிதாவிடம் கொடுத்தாள்.

"இதுல இருக்கது அந்தப் புல்லுதான் டாக்டரம்மா. நோட்டுல எல்லாம் இருக்கு. வாங்குனதுக்கு ஒரு சீட்டு எழுதித் தாங்க."

அபிதா நிமிர்ந்து பார்த்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு எழுதிக் கொடுத்தாள்.

அன்று வீட்டில் புருஷன் இஸ்ரவேல் சோறு போட்டு வைத்திருந்தார். அவளால் தின்ன முடியவில்லை. "குளிச்சியா?" என்று கேட்டார். "மூணு தடவ," என்றாள்.

விசாரணை இரண்டு மாதம் நடந்தது. கமிட்டியில் ஒருவர், அவளே தவறுதலாக உரம் போட்டதாகத் தட்டச்சு செய்த காகிதத்தை முன்னால் தள்ளி, "சும்மா ஒரு கையெழுத்து," என்றார். அவள் வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி, நடந்ததை மூன்று பக்கம் தமிழில் எழுதிக் கொடுத்தாள். டேங்கர், யூரியா, பட்டினி, கையேட்டிலிருந்த பொய்க் கணக்கு, எல்லாம். கடைசியில், 'இதில் எனக்குத் தெரிந்தே நான் செய்ததும் உண்டு. கேட்டவரிடம் உண்மையைச் சொல்லாததும் உண்டு' என்று எழுதினாள். அந்த வரியை அடித்துவிடச் சொன்னார்கள். மாட்டேன் என்றாள்.

பையிலிருந்த புல்லில் நைட்ரேட் அளவுக்கு மிஞ்சி இருந்தது பரிசோதனையில் வந்தது. கையேட்டைத் திரும்பப் பெற்றார்கள். ஏ.கே.7-ஐ விவசாயிகளுக்குக் கொடுப்பது நின்றது. கிருஷ்ணமணிக்கு இழப்பீடு கிடைத்தது, அதுவும் அபிதா நாலு முறை அலைந்த பிறகு. ஆனந்தகிருஷ்ணனை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அதைத் தண்டனை என்று சொன்னார்கள். அங்கே அவருக்குக் கீழே இரண்டு திட்டங்கள் இருந்தன. சத்தியபாயின் ஒப்பந்தத்தை அந்த வருஷம் புதுப்பிக்கவில்லை. காரணம் எழுதவுமில்லை.

ஆனியில் ஒருநாள் அவள் ஆரல்வாய்மொழிக்குப் பஸ் ஏறினாள். கிருஷ்ணமணி குளத்துக் கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான். பிழைத்ததில் இரண்டு சினை ஆடு குட்டியைப் பிறகு கலைத்துவிட்டது என்று அபிதா சொல்லியிருந்தாள். சத்தியபாய் அவன் முன்னால் போய் நின்றாள்.

"மன்னிப்பு கேக்க வந்தேன் மணி."

அவன் கம்பை ஊன்றி நின்றான்.  "அவரு ஏமாத்துனாரு. அது போட்டும், அவரப் பாத்தாலே தெரியும்," என்றான். "நான் ஒங்ககிட்டல்லாக்கா கேட்டேன். வேலிக்கி வெளிய நிண்ணு ஒங்ககிட்டத்தானே கேட்டேன்?"

"ஆமா."

"அண்ணைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும்."

"ஆமா மணி."

 அவன் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. ஆடு தூரம் போய்விட்டது என்று அதன் பின்னால் நடந்தான். அவள் கொஞ்ச நேரம் வெயிலில் நின்றுவிட்டு வந்த வழியே திரும்பினாள்.

கார்த்திகையில் ஒரு காலை, அவள் கொல்லையில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"சத்தியபாய், நல்லா இருக்கீங்களா? நான் ஆனந்தகிருஷ்ணன் பேசுகேன்." அதே குரல், தேன் தடவினது. "ஒண்ணுமில்ல, நம்ம நாட்டுக் கொழுக்கட்டைப்புல்லப் பத்தி ஒரு கட்டுரை எழுதுகேன். அதுதான் வறட்சிக்கு உண்மையான புல்லுன்னு எனக்கு மொதல்லயே ஒரு தோணல் உண்டு. நோட்டெல்லாம் கமிட்டிகிட்ட மாட்டிக்கிடுச்சு. உங்களுக்கு அந்த எண்ணெல்லாம் மனப்பாடமா இருக்குமே, ரெண்டு கோடைக்கும் உயிரோட நிண்ணது எத்தன? இந்தத் தடவ உங்க பேரைச் சேர்ந்து எழுதுனவங்கன்னே போடலாம்னு..."

அவளுக்கு அந்த எண்கள் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். அவள் செதில் ஒட்டின கையில் போனைக் காதை விட்டு விலக்கிப் பிடித்தாள். அதற்குள்ளிருந்து குரல் இன்னும் இனிக்க இனிக்க வந்துகொண்டேயிருந்தது. கழிவுநீர் ஓடையில் மூடி திறந்துகொண்டது மாதிரி இருந்தது.

"ஸார்," என்றாள். "மலையடியில அந்தப் புல்லு இப்பமும் நிக்குது. போய்க் குத்தவச்சு எண்ணுங்க."

போனை அணைத்தாள். இஸ்ரவேல் வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, "ஆரு?" என்றார்.

அவள் மீனை அப்படியே விட்டு எழுந்தாள். கிணற்றடிக்குப் போய் வாளியில் தண்ணீர் இறைத்து, வாய் நிறைய ஊற்றிக் கொப்பளித்தாள். இரண்டாவது வாளியும் இறைத்தாள்.